விடுமுறை நெரிசலில் பத்து மணி நேரம்: துணையிடம் தெம்போடு போய்ச் சேர்வது எப்படி?

கேள்வி: வாரக் கடைசியோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைக்கு, வேறு ஊரில் வேலை பார்க்கும் மனைவியைப் பார்க்கத் தனியாகக் காரில் போக வேண்டும். சாதாரண நாளில் ஐந்து மணி நேரப் பயணம். விடுமுறைக்கு முந்தைய மாலை கிளம்பினால் பத்து மணி நேரம் ஆகிறது. போய்ச் சேரும்போது பேசக்கூடத் தெம்பு இருப்பதில்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

கிளம்பும் நேரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது.

மாலை 6 மணிக்குக் கிளம்பிப் பத்து மணி நேரம் ஓட்டினால் விடியற்காலை 4 மணிக்குப் போய்ச் சேருவீர்கள். அதற்குப் பதிலாக வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, 9 மணிக்குப் படுத்து, விடியற்காலை 4.30-க்குக் கிளம்பினால் அதே பாதைக்கு ஆறு மணி நேரம் போதும். காலை 10.30-க்கு வாசலில் நிற்பீர்கள். கடிகாரத்தில் ஆறரை மணி நேரம் தாமதம்தான். ஆனால் 4 மணிக்கு வந்தவர் மதியம் வரை எழுந்திருக்கப் போவதில்லை. வந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேரும் விழித்திருந்து சேர்ந்து கழிக்கும் நேரத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால், விடியலில் கிளம்புவதில் நஷ்டம் எதுவும் இல்லை. 'எப்போது போய்ச் சேருவேன்' என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டு 'எப்போது உட்கார்ந்து பேசுவோம்' என்று கணக்குப் போடுங்கள். விடை மாறிவிடும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்பது தூக்க ஆய்வுகளில் பலமுறை அளந்து பார்த்த விஷயம். காலை 6 மணிக்கு எழுந்து, வேலைக்குப் போய்விட்டு, மாலை 6-க்குக் கிளம்பியவருக்கு அந்த 17 மணி நேரம் இரவு 11 மணிக்கே முடிந்துவிடும். அதற்கு மேலும் ஐந்து மணி நேர ஓட்டம் பாக்கி இருக்கும். உடம்பு தானாகவே சோர்ந்து தூங்கப் பார்க்கும் நேரம் இரவு 2 மணி முதல் 6 மணி வரை. அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி முழுக்க அதற்குள்தான் வருகிறது.

விடியலில் கிளம்புவதிலும் ஒரு நிபந்தனை உண்டு. விடுமுறையின் முதல் நாள் காலை 7, 8 மணிக்கு மேல் இரண்டாவது அலை கிளம்பும். குழந்தைகளை எழுப்பி, டிபன் முடித்துவிட்டு வருகிற குடும்பங்கள் அவை. ஊரின் எல்லையையும் முதல் பெரிய டோல்கேட்டையும் 6 மணிக்குள் தாண்டியிருக்க வேண்டும். ஏழு மணிக்குக் கிளம்புவது மாலை ஆறு மணிக்குக் கிளம்புவதற்கு அப்படி ஒன்றும் மேலானதல்ல.

சரி, மாலையில் கிளம்பியே ஆக வேண்டும் என்ற நிலை என்றால் நெரிசலைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது. புரிந்தால் பாதி எரிச்சல் போய்விடும். நின்று நின்று நகரும் வரிசையில் ஒரு வண்டி, இடைவெளியோடு சேர்த்து ஏழெட்டு மீட்டர் இடத்தை அடைக்கும். அப்படியானால் ஒரு கிலோமீட்டர் லேனில் சுமார் 130 வண்டி, இரண்டு லேனில் 260. இந்த இரண்டு லேனும் ஒன்றாகக் குறுகும் இடத்தில், எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மணிக்கு 1,800 வண்டிதான் தாண்டும். அதாவது ஒரு கிலோமீட்டர் வரிசை கரைய ஒன்பது நிமிடம். எட்டு கிலோமீட்டர் வரிசை என்றால் 70 நிமிடம். கையால் காசு வாங்கும் டோல் கவுன்டர் ஒரு வண்டிக்கு 12 நொடி எடுத்தால் மணிக்கு 300 வண்டிதான் போகும். முன்னால் எவ்வளவு நீள வரிசை, எதனால் அடைப்பு என்று தெரிந்துவிட்டால் இந்தக் கணக்கை நீங்களே போடலாம். ஹாரன் அடிப்பதால் இந்த எண்களில் ஒன்றுகூட மாறாது.

இன்னொரு வகை நெரிசல் உண்டு. அரை மணி நேரம் ஊர்ந்து முன்னால் போய்ப் பார்த்தால் விபத்தும் இருக்காது, சாலை வேலையும் இருக்காது. எதற்காக நின்றோம் என்றே தெரியாது. 2008-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் இதைச் செய்தே காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார்கள். தடை எதுவும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு அடைப்பு உருவாகி, வண்டிகள் போகும் திசைக்கு எதிராக மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. ஒருவர் கொஞ்சம் அழுத்திப் பிரேக் போட, பின்னால் வருபவர் அதைவிட அழுத்திப் போட, பத்தாவது ஆள் நின்றே விடுகிறார். முன்வண்டியை ஒட்டாமல் இடைவெளி விட்டு ஓட்டுகிறவர் அந்த அலையைத் தன் இடைவெளியிலேயே கரைத்துவிடுகிறார். அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கும் அது உதவிதான்.

இந்த இடைவெளிதான் உங்கள் கிளட்சையும் முழங்காலையும் காப்பாற்றப் போகிறது. மேனுவல் கியர் வண்டியில் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, முன்வண்டி ஒரு மீட்டர் நகர்ந்தால் தாமும் ஒரு மீட்டர் நகர்வது. ஒவ்வொரு முறையும் கிளட்சைப் பாதி அழுத்திப் பிடித்து வண்டியைத் தவழ விடுகிறார்கள். அந்தப் பாதி நிலையில்தான் கிளட்ச் தட்டு உராய்ந்து சூடாகிறது. ஒரு மணி நேரம் இப்படிப் போனால், குறிப்பாக மேட்டில், கருகிய வாடை உள்ளே வரும். அதன் பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரையும், வண்டி நகராது. முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் இடம் விழும்வரை நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கில் நில்லுங்கள். பிறகு முதல் கியர் போட்டு, கிளட்ச் காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு போகும். வரிசையின் சராசரி வேகமும் ஏறக்குறைய அதுதான். யாராவது இடையில் நுழைந்தால் நுழையட்டும். பத்துப் பேர் நுழைந்தாலும் உங்களுக்கு ஒரு நிமிடம்கூட நஷ்டமில்லை. டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இதே விதிதான். மேட்டில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டராலேயே வண்டியை நிறுத்திப் பிடித்தால், உள்ளே இருக்கும் கிளட்ச் சூடேறி டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும்.

நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரங்கள் சாலையைத் தொடும் இடம் உங்கள் பானெட்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த அளவு இடம் இருந்தால், முன்வண்டி பழுதாகி நின்றாலும் ரிவர்ஸ் எடுக்காமல் விலகிப் போகலாம். வரிசையின் கடைசி ஆளாக வந்து சேரும் நேரத்தில் இந்த இடைவெளி இன்னும் முக்கியம். பின்னால் வருகிறவர் வேகத்தில் வருவார். வரிசை நின்றிருப்பது அவருக்குத் தெரியாது. தூரத்தில் வரிசையைப் பார்த்ததுமே ஹஜார்ட் லைட்டைப் போடுங்கள், பிரேக்கை முன்கூட்டியே மெல்ல மிதியுங்கள், கண்ணாடியில் பின்னால் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று வண்டிகள் வந்து நின்ற பிறகு லைட்டை அணைக்கலாம்.

வண்டி சூடாவதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நெரிசலில் வண்டிகள் ஓரங்கட்டி நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் துணை. போதாததற்கு ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து தன் சூட்டையும் சேர்த்துத் தள்ளுகிறது. சூட்டுமானி முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் முதலில் ஏசியை அணையுங்கள். அடுத்து, கேட்க விசித்திரமாக இருந்தாலும், ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் போட்டுக் கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டை எடுத்து உங்கள் மேல் ஊதும். வேர்க்கும், ஆனால் முள் இறங்கும். அப்படியும் சிவப்பை நோக்கி ஏறினால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விட்டுப்போய், ஆவியும் கொதிக்கும் திரவமுமாக முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. உலோகம் விரிசல் விடும். ஆறிய பிறகு, கூலன்ட் இல்லாவிட்டால் வெறும் தண்ணீர் ஊற்றி மெக்கானிக் வரைக்கும் போகலாம். கிளம்பும் முன்தினம், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் டப்பாவில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டால் இந்தப் பாடு பெரும்பாலும் வராது.

எரிபொருள் பற்றிப் பயப்பட அதிகம் இல்லை. சிறிய கார் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஐந்து மணி நேர நெரிசலுக்குக் கூடுதலாக ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாளே டேங்கை நிரப்பிவிட்டால் வழியில் பங்க் வரிசையில் நிற்க வேண்டாம். மின்சார வண்டி நின்றால் மோட்டார் செலவே இல்லை. ஏசிக்கு மணிக்கு ஒன்றிரண்டு யூனிட் போகும், அவ்வளவுதான். அங்கே பிரச்சினை நெரிசல் அல்ல, சார்ஜர் வாசலில் இருக்கும் வரிசை. வழக்கமாக நிறுத்தும் சார்ஜருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்து லேன் எப்போதும் வேகமாகப் போவதுபோலத் தெரியும். 1999-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதன் காரணத்தைச் சொல்கிறது. இரண்டு லேனும் ஒரே சராசரி வேகத்தில் போனாலும், நீங்கள் மற்றவர்களைத் தாண்டுவது நொடியில் முடிந்துவிடும். உங்களை மற்றவர்கள் தாண்டுவது நீண்ட நேரம் நடக்கும். தாண்டியவை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துபோகும், உங்களைத் தாண்டியவை கண் முன்னாலேயே நிற்கும். லேன் மாறிக்கொண்டே இருப்பவர் நிமிடக் கணக்கில்கூட லாபம் பார்ப்பது அரிது. பம்பர் உரசுவது அந்த மாறும் நொடியில்தான். லேன் முடியும் இடத்தில் மட்டும் கடைசி வரை போய், ஒன்று விட்டு ஒன்றாகக் கோத்துக்கொள்வது சரியான முறை. அது குறுக்கே புகுவது ஆகாது.

மேப் காட்டும் குறுக்குச் சாலைகளுக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நிமிடத்துக்கு மேல் மிச்சம் என்று காட்டினால் மட்டும் இறங்குங்கள். அதே குறுக்குச் சாலையை அதே நேரத்தில் ஆயிரம் போன்கள் காட்டிக்கொண்டிருக்கும். ஒற்றை லேன் கிராமச் சாலையில் எதிரே ஒரு லாரி வந்தால் மிச்சம் அத்தனையும் போயிற்று. இரவில் வெளிச்சமில்லாத சாலை என்றால் அந்த 30 நிமிடத்துக்கும் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

உடம்பு. சிறுநீர் வந்துவிடுமே என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுபவர்கள் ஏராளம், பெண்கள் இன்னும் அதிகம். அது தலைவலியிலும் சோர்விலும்தான் முடியும். ஒரேயடியாகக் குடிக்காமல் மணிக்கு ஒரு டம்ளர் அளவில் வாய் வாயாகக் குடியுங்கள். 'இன்னும் தாங்கும்' என்று ஒரு கழிவறையைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்த 20 கிலோமீட்டர் மூன்று மணி நேரம் ஆகலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்த பயணம், காலில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. வண்டி நிற்கும்போதெல்லாம் குதிகாலை ஊன்றி விரல்களை மேலே இழுப்பது, விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று இருபது முறை செய்யுங்கள். ஏசியை உள்காற்றிலேயே ஓட விட்டால் மூடிய காருக்குள் கரியமில வாயு ஏறி மந்தமாகும். முன்னால் புகை கக்கும் லாரி இருக்கும்போது உள்காற்று சரி. அது விலகியதும் வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுங்கள்.

கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாவிட்டால், பாட்டைச் சத்தமாக வைப்பதாலும் முகம் கழுவுவதாலும் அது போகாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அத்தனை நேரம் பிடிக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்து எழுப்பும். அது தரும் தெளிவு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான். ராத்தூக்கத்துக்கு அது ஈடல்ல.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, அந்தப் பக்கம் காத்திருப்பவரைப் பற்றி.

'பத்து மணிக்கு வந்துடுவேன்' என்று சொல்லாதீர்கள். அந்தப் பத்து பதினொன்றாகும், பன்னிரண்டாகும், ஒன்றரையாகும். ஒவ்வொன்றும் அங்கே ஒரு சின்ன ஏமாற்றம். சாப்பிடாமல் காத்திருப்பார், தூங்காமல் காத்திருப்பார், நீங்கள் வாசலில் நிற்கும்போது இரண்டு பேருமே களைத்துப் போயிருப்பீர்கள். விடுமுறையின் முதல் சண்டை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நேரத்துக்குப் பதிலாக இடத்தைச் சொல்லுங்கள். 'ரெண்டாவது டோல்கேட் தாண்டிட்டேன், இன்னும் 140 கிலோமீட்டர், டேங்க் பாதிக்கு மேல இருக்கு, நல்லா இருக்கேன்.' இதில் எந்த வாக்குறுதியும் இல்லை, ஆனால் தெரிய வேண்டியது எல்லாம் இருக்கிறது. கிளம்பும் முன்பே வழியில் நான்கு அல்லது ஐந்து இடங்களைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த இடங்களில் மட்டும், வண்டியை நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்புங்கள். ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியில் போனைக் குனிந்து பார்க்கும் இரண்டு நொடியில் முன்வண்டியின் பம்பரைத் தட்டிவிடுவீர்கள். பிறகு அதற்காக ஒரு மணி நேரம் சாலையோரத்தில் வாக்குவாதம் செய்ய வேண்டிவரும்.

லைவ் லொகேஷன் பகிர்வது நல்லதுதான், ஆனால் ஒரு ஒப்பந்தத்தோடு. புள்ளி 40 நிமிடம் அசையாமல் இருந்தால் அதற்கு நெரிசல் என்று அர்த்தம், விபத்து என்று அர்த்தமல்ல. ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரில் முட்டும்போது டேட்டா படுத்துவிடும். புள்ளி காணாமல்கூடப் போகும். அந்த நேரத்தில் சாதாரண எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். 'ரெண்டு மணி நேரம் ஒரு செய்தியும் வரலேன்னா கூப்பிடு, அதுவரைக்கும் வேண்டாம்' என்று முன்பே பேசிவைத்தால் இரண்டு பக்கமும் நிம்மதி. மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள், சார்ஜர் வயரோடு ஒரு பவர் பேங்க்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்பவர் செய்யக்கூடிய உதவியும் உண்டு. ஓட்டுபவரால் மேப்பைப் பெரிதாக்கி முழுப் பாதையையும் பார்க்க முடியாது. வீட்டில் இருப்பவரால் முடியும். முன்னால் விபத்தா, சாலை மூடியிருக்கிறதா, 30 நிமிட லாபமுள்ள மாற்றுப்பாதை இருக்கிறதா, இந்த மூன்றுக்கு மட்டும் கூப்பிட்டால் போதும். 'எங்க இருக்கீங்க' என்று கால் மணிக்கு ஒரு தடவை கேட்பது அன்பால்தான், ஆனால் ஓட்டுபவருக்கு அது ஒவ்வொரு முறையும் 'இன்னும் வரவில்லை' என்ற நினைவூட்டலாகப் போய்ச் சேரும். பணம், மாமியார், வேலை மாற்றம் போன்ற கனமான பேச்சுகளை அன்று போனில் எடுக்கவே வேண்டாம். கையில் பிடிக்காமல் ஸ்பீக்கரில் பேசினாலும் கவனம் பேச்சுக்குள்தான் போகும். காத்திருப்பவர் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு, போனைச் சத்தத்தில் வைத்துவிட்டுத் தூங்கட்டும். சாவிக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டால் யாரும் யாருக்காகவும் விழித்திருக்க வேண்டியதில்லை.

நெரிசல் விட்ட பிறகு வரும் முதல் அரை மணி நேரத்தில் மிகக் கவனமாக இருங்கள். சாலை காலியாகும், இழந்த நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று கால் தானாக அழுத்தும். அறுபது கிலோமீட்டர் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80-ல் போனால் 45 நிமிடம், 110-ல் போனால் 33 நிமிடம். பத்து மணி நேரம் பொறுத்தவருக்கு அந்த 12 நிமிடம் எதற்கு? களைத்த கண்ணும் களைத்த காலும் 110-க்குப் பொருத்தமானவை அல்ல.

எந்த இடத்தில் பயணத்தை நிறுத்திவிட்டு ஓர் அறை எடுத்துத் தூங்குவது என்பதையும் கிளம்பும் முன்பே இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நள்ளிரவு 12 மணிக்கு இன்னும் 150 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருந்தால் நிறுத்துவது என்பதுபோல ஒரு தெளிவான கோடு. சாலையில் தனியாக, களைத்துப்போய், ஆசையோடு இருக்கும் நேரத்தில் எடுக்கிற முடிவு 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்றுதான் இருக்கும். முன்பே பேசியிருந்தால் 'கோடு வந்துடுச்சு, இங்கேயே படுத்துக்கறேன், காலையில 8 மணிக்குக் கிளம்பறேன்' என்று ஒரு வரி போதும். காத்திருப்பவர் அதற்கு 'சரி, தூங்குங்க' என்று மட்டும் பதில் போடட்டும்.